துணையை இழந்தபின் பேஸ்பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் 28 வருடம் சேர்ந்து பேஸ்பால் பார்த்தோம். 2022 அக்டோபரில், சீசனின் கடைசி ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது அவர் காலமானார். அதற்குப் பிறகு, என்னைப் போலவே துணையை இழந்த பலரோடு பேசியிருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. இந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்தவள், அவ்வளவுதான்.

இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நேற்று ராத்திரி ஆட்டம் பார்த்தேன். தப்பா?

தப்பே இல்லை. யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தார்கள். துணையை இழந்தவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போகிறார், இன்னொரு நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம் வருகிறார். இப்படி ஊஞ்சல் மாதிரி போய்வருவதுதான் இயல்பு, இடையில் துக்கத்திலிருந்து கொஞ்சம் ஓய்வெடுப்பதும் அதில் சேர்ந்ததுதான் என்பது அவர்கள் கருத்து. நீங்கள் பார்த்த மூன்று மணி நேர ஆட்டம் அந்த ஓய்வு. ஆட்டம் முடிந்து டிவியை அணைத்ததும் துக்கம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்திருக்கும், இல்லையா? அதை நீங்கள் எங்கும் விட்டுவிட்டுப் போகவில்லை.

எத்தனையோ விளையாட்டு இருக்கும்போது பேஸ்பால் மட்டும் ஏன் இவ்வளவு ஆறுதலாக இருக்கிறது?

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். முதல் காரணம், அது ஏறக்குறைய தினமும் இருக்கிறது. அமெரிக்காவின் உச்சமட்ட லீக்கான மேஜர் லீக்கில் ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை, நடுவில் சில நாட்கள்தான் ஓய்வு. துணை இல்லாத வீட்டில் பகலை எப்படியோ ஓட்டிவிடலாம். வங்கிக்குப் போக வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், யாராவது போன் செய்வார்கள். சாயங்காலம்தான் கொல்லும். விளக்கைப் போட்டுவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற அந்த ஏழு மணிக்கு ஆட்டம் வருகிறது. நாளைக்கும் வரும். நாளை மறுநாளும் வரும்.

இரண்டாவது காரணம், அந்த ஆட்டத்தில் பேச இடமிருக்கிறது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் பந்து வீசும் பிட்சர் மூச்சு விடுவார், அதைப் பிடிக்க எதிரே உட்கார்ந்திருக்கும் கேட்சர் சைகை காட்டுவார், அடிக்க நிற்கும் பேட்டர் கையுறையைச் சரிசெய்வார். எங்கள் கல்யாண வாழ்க்கையின் பேச்சில் பாதி அந்த இடைவெளிகளில் நடந்ததுதான். பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன், அவருடைய முதல் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில், அதாவது இன்னிங்ஸ்களில், ஏதோ ஒன்றில்தான் பேசினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இரண்டு பேரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு பேசும்போது கஷ்டமான விஷயம்கூட வாயில் வந்துவிடும்.

மூன்றாவது, 'நேரம் ஆகிவிட்டது, கிளம்புங்கள்' என்று அந்த ஆட்டம் யாரையும் விரட்டாது. எதிரணியில் 27 அவுட் எடுக்க வேண்டும், சமநிலையில் இருந்தால் இன்னும் ஆட வேண்டும். 1981 ஏப்ரலில் பாட்டக்கெட், ரோச்செஸ்டர் என்ற, மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக்கின் இரண்டு அணிகள் ஆடிய ஆட்டம் விடிகாலை 4 மணியைத் தாண்டியும் முடியவில்லை. 32 இன்னிங்ஸோடு நிறுத்தியபோது 19 ரசிகர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஜூன் மாதம் மறுபடி கூடி 33ஆவது இன்னிங்ஸில் முடித்தார்கள். என் கணவர் இந்தக் கதையை வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். சொல்லிவிட்டு, "நாம அங்க இருந்திருந்தா கணக்கு 21 ஆகியிருக்கும்" என்பார்.

டிவியைப் போட்டதுமே அழுகை வந்துவிடுகிறது. பார்ப்பதை நிறுத்திவிடட்டுமா?

அழுகை வருகிறது என்பதற்காக மட்டும் நிறுத்த வேண்டாம். ஆனால் படம் தாங்க முடியவில்லை என்றால் ரேடியோவுக்கு மாறிப் பாருங்கள். பேஸ்பால் ரேடியோவுக்கு என்றே பிறந்த ஆட்டம் என்று நான் நம்புகிறேன். 1921 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ நிலையம் முதல் நேரடி வர்ணனையைக் கொடுத்தது. வின் ஸ்கலி என்ற வர்ணனையாளர் 1950 முதல் 2016 வரை 67 சீசன் ஒரே அணிக்காகப் பேசினார். ஒரு மனிதக் குரல் நிதானமாக, கத்தாமல், வீட்டுக்குள் யாரோ இருக்கிற மாதிரி பேசிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்து பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. துணி மடித்துக்கொண்டே கேட்கலாம். முதல் இரண்டு மாதம் நான் படமே பார்க்கவில்லை, குரல் மட்டும்தான்.

சிலருக்கு ஒரு முழு சீசன் தள்ளிப்போட வேண்டியிருக்கும். அதுவும் சரிதான். ஆட்டம் எங்கும் போய்விடாது.

ராத்திரி தூக்கம் வருவதில்லை. விடிகாலையில்தான் மிகவும் மோசம்.

தென்கொரியாவிலும் ஜப்பானிலும் நல்ல லீக்குகள் இருக்கின்றன. கொரியாவில் சாயங்காலம் 6.30க்குத் தொடங்கும் ஆட்டம் கோடைக்கால நியூயார்க் நேரப்படி விடிகாலை 5.30. விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருப்பதற்கு இது மேல். வீரர்களின் பெயர் தெரியாததும் ஒரு விதத்தில் நல்லது. அந்த ஆட்டத்தோடு பழைய நினைவு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எனக்குப் பாதிகூடப் புரியாது. தனியாக எப்படிப் பார்ப்பது?

ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் என்னைத் தூக்கி நிறுத்தியதே அது.

மைதானத்தில் வீரர் நிற்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். பேட்டர் ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. வெளிமைதானத்தில் பேட்டரின் இடப்பக்கத்திலிருந்து வரிசையாக 7, 8, 9. பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போனதோ அந்த எண்களை எழுத வேண்டும். 6-4-3 என்று எழுதினால், ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் என்று அர்த்தம். மூன்று ஸ்ட்ரைக் ஆகி (அடித்துத் தவறவிட்ட பந்தும், அடிக்கிற எல்லைக்குள் வந்தும் விட்டுவிட்ட பந்தும் ஸ்ட்ரைக்) அவுட் ஆனால் ஆங்கில 'கே' எழுத்து. மட்டையைச் சுழற்றாமலே நின்று அவுட் ஆனால் அதே 'கே'யைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக் வளர்த்தெடுத்த முறைக்கு இன்றைக்கும் ஒரு பென்சிலும் காகிதமும் போதும்.

இதில் என்ன ஆறுதல் என்று கேட்கலாம். கைக்கு வேலை இருக்கிறது. அடுத்த பந்தைக் கவனித்தாக வேண்டும், அதனால் மனது பத்து நொடிக்கு மேல் எங்கும் ஓட முடியாது. ராத்திரி முடியும்போது எழுதி நிரப்பிய ஒரு பக்கம் கையில் இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் நாள் போய்விட்டது என்ற எண்ணம் அழுத்துகிற காலத்தில் அந்தப் பக்கம் சின்ன விஷயம் இல்லை.

எங்கள் வீட்டில் எழுதியது அவர்தான். அவருடைய கடைசி ஸ்கோர் புத்தகத்தில் ஒரு ஆட்டம் ஆறாவது இன்னிங்ஸோடு நின்றுபோயிருந்தது. அன்றைக்குத்தான் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மீதி மூன்று இன்னிங்ஸைப் பதிவுகளில் பார்த்து நிரப்பிவிடலாம் என்று என் மகன் சொன்னான். வேண்டாம் என்றேன். அந்தக் கட்டங்களை வெறுமையாகவே விட்டு, பக்கத்தைத் திருப்பி, அடுத்த பக்கத்தில் என் கையெழுத்தில் ஆரம்பித்தேன்.

அவரோடு பேசிக்கொண்டே ஆட்டம் பார்க்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

இல்லை. "பாத்தீங்களா, அந்தப் பந்தை விட்டிருக்கணும்" என்று நானும் சொல்கிறேன், இன்றைக்கும். இறந்தவரோடு உள்ள பந்தத்தை அறுத்துக்கொண்டால்தான் மனம் தேறும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகிய மூவரும் 1996இல் அதை மறுத்தார்கள். பந்தம் வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது இயல்பு என்றார்கள்.

ஸ்டேடியத்தில் எங்களுக்கு இரண்டு சீசன் டிக்கெட் இருந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். போகவே பயமாக இருக்கிறது.

இதற்கு ஒரே பதில் கிடையாது. சிலர் இரண்டாவது டிக்கெட்டை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவருக்கு, மகளுக்கோ நண்பருக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ கொடுக்கிறார்கள். சிலர் காலியாகவே வைத்துக்கொள்கிறார்கள். சிலர் வேறு பகுதிக்கு மாறிவிடுகிறார்கள்.

முதல் தடவை போகும்போது கூட்டம் குறைவான வார நாள் ஆட்டமாகப் பாருங்கள். யாராவது கூட வரட்டும். ஐந்தாவது இன்னிங்ஸில் கிளம்பி வந்துவிடலாம் என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஓரத்து இருக்கை கிடைத்தால் எழுந்து போவது சுலபம்.

இருக்கையைவிடக் கஷ்டமான ஒன்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த வரிசையில் வருடக்கணக்காக உங்களைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியாது. "எங்கே, இன்னைக்கு ஐயா வரலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அதற்கு ஒரு வரிப் பதிலை வீட்டிலேயே இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். இருக்கை காட்டும் ஊழியர் பழக்கமானவர் என்றால் முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள், மற்றவர்களிடம் அவரே சொல்லிவிடுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது. மூன்றாவது இன்னிங்ஸுக்குள் பின்வரிசையிலிருந்த ஒரு அம்மா வந்து என் தோளில் கை வைத்தார். பேரே தெரியாது, பத்து வருடமாகப் பார்த்த முகம்.

அவர் ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட கோப்பையை அவர் போன பிறகு அணி ஜெயித்தது. சந்தோஷமே வரவில்லை, கோபம்தான் வருகிறது.

வரத்தான் செய்யும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 86 வருடம் கழித்து 2004இல் மேஜர் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றபோது நிறைய பேர் கல்லறைகளுக்குப் போய் தொப்பியையும் அணியின் கொடியையும் வைத்தார்கள். சிகாகோ கப்ஸ் 108 வருடம் கழித்து 2016இல் வென்றபோது, ரிக்லி ஃபீல்டு ஸ்டேடியத்தின் வெளிச்சுவர் முழுக்க சாக்பீஸால் எழுதிய பெயர்கள். அதில் எத்தனையோ பெயர்கள் அந்த நாளைப் பார்க்காமல் போன அப்பா, அம்மா, கணவன், மனைவியுடையவை. ஊரே கொண்டாடும்போது தொண்டை அடைத்து நின்றவர்கள் அத்தனை பேர். நீங்களும் ஒரு சாக்பீஸ் எடுத்து எங்காவது எழுதுங்கள். கோபத்தோடு எழுதினாலும் பரவாயில்லை.

ஆட்டம் மாறிக்கொண்டே போகிறது. அவருக்குத் தெரிந்த வீரர்களும் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். இது ஏன் இப்படி வலிக்கிறது?

என்னையும் மிக ஆழமாகத் தைத்தது இதுதான். அவர் போன அடுத்த சீசனில், 2023இல், பந்து வீச நேரம் குறிக்கும் பிட்ச் கிளாக் வந்தது. பேஸில் யாரும் இல்லையென்றால் பிட்சர் 15 நொடிக்குள் வீசத் தொடங்க வேண்டும். ஆட்டம் சராசரியாக 24 நிமிடம் சுருங்கியது. பேஸ்களின் அளவைக்கூட 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கினார்கள். அந்தக் கடிகாரத்தைத் திரையில் முதலில் பார்த்த அன்று, அவர் அறியாத உலகம் ஒன்று தொடங்கிவிட்டது என்று தோன்றி, உட்கார முடியாமல் எழுந்து போய்விட்டேன். அந்த 24 நிமிடமும் எங்கள் பேச்சு நேரத்திலிருந்து பிடுங்கியதாகவே பட்டது.

இன்னொன்றும் நடக்கும். உங்கள் அணியில் அவர் பார்த்த வீரர்கள் விற்கப்படுவார்கள், ஓய்வு பெறுவார்கள். பதினைந்து பேர், அப்புறம் எட்டு, அப்புறம் இரண்டு. ஒரு நாள் அவர் பார்த்த ஒருவர்கூட அந்தச் சட்டையில் இருக்க மாட்டார். இதைச் சொன்னால் "ஒரு விளையாட்டு வீரர் போனதற்கா இவ்வளவு?" என்பார்கள். அவர்களுக்குப் புரியவைக்க வேண்டியதில்லை. இன்னொரு சிறிய சாவு மாதிரி அதற்கும் அழுதுகொள்ளுங்கள்.

நான் செய்வது ஒன்று உண்டு. ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் அவருக்குத் தெரியாத விஷயங்களைக் குறித்து வைக்கிறேன். புது விதி, புதுப் பையன், அவன் எந்தக் கையால் அடிக்கிறான், இப்படி. வெளியூர் போனவருக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி. 2023இன் பக்கங்களில் ஓரம் முழுக்க நிறைந்திருக்கிறது. போகப்போகக் குறைந்துவிட்டது.

பேஸ்பால் உலகத்திலேயே துணையை இழந்தவர்கள் எப்படி இருந்தார்கள்?

இரண்டு பெண்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். யாங்கீஸ் வீரர் லூ கெரிக் தொடர்ந்து 2,130 ஆட்டம் ஆடியவர். 1939இல் நரம்பு நோயான ஏஎல்எஸ் இருப்பது தெரிந்தது. 1941 ஜூன் 2 அன்று, 37 வயதில் இறந்தார். கல்யாணமாகி எட்டு வருடம்கூட முடியவில்லை. மனைவி எலினோர் 1984 வரை வாழ்ந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை, அந்த நோய்க்கு எதிரான முயற்சிகளுக்குக் கடைசிவரை துணை நின்றார். 2021 முதல் ஜூன் 2 மேஜர் லீக்கில் லூ கெரிக் நாள்.

இன்னொருவர் ரேச்சல் ராபின்சன். கறுப்பின வீரர்களைச் சேர்க்காத நிறத்தடையை உடைத்து மேஜர் லீக்கில் ஆடிய ஜாக்கி ராபின்சன் 1972இல் 53 வயதில் போய்விட்டார். அடுத்த வருடமே ரேச்சல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்ப ஆரம்பித்தார். ஒவ்வொரு ஏப்ரல் 15 அன்றும் எல்லா வீரர்களும் ஜாக்கியின் 42ஆம் எண்ணை அணிகிறார்கள். 2022இல் நியூயார்க்கில் ஜாக்கிக்கு அருங்காட்சியகம் திறந்தபோது ரேச்சலுக்கு நூறு வயது. ஐம்பது வருடம்! இந்த அளவுக்கு நாம் எல்லோரும் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஐம்பது வருடத்தை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

ஜெர்சி, தொப்பி, பழைய டிக்கெட்டுகளை என்ன செய்வது?

முதல் வருடம் எதையும் கொடுக்காதீர்கள், துவைக்காதீர்கள். வாசனை போனால் திரும்ப வராது. டிக்கெட்டுகளின் எழுத்து வெளிச்சத்தில் மங்கும், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அஸ்தியை மைதானத்தில் தூவ ஆசை என்றால் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள், திருட்டுத்தனமாகச் செய்யப் போய் அந்த நாள் கசப்பான நினைவாகிவிட வேண்டாம்.

நேரம் போகப் பந்தயம் கட்ட ஆரம்பித்திருக்கிறேன். சின்னத் தொகைதான்.

தயவுசெய்து நிறுத்துங்கள். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு பல மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டு, ஆட்டத்தின் நடுவே அதன் விளம்பரங்கள் கொட்டுகின்றன. தனிமை, தூக்கமின்மை, கையில் ஒரு போன், தினமும் ஒரு ஆட்டம் எல்லாம் சேர்ந்தால் சின்னத் தொகை சின்னத் தொகையாகவே இருக்காது. நிறுத்த முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

அம்மா போன பிறகு அப்பா ஆட்டத்தைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் நாங்கள் என்ன செய்யலாம்?

கூட உட்காருங்கள். "கொஞ்சம் வெளியே வாங்கப்பா" என்று இழுப்பதற்கு முன்னால் ஒரு ஆட்டம் முழுக்க, போனைத் தூர வைத்துவிட்டு உட்காருங்கள். தூரத்தில் இருந்தால் ஏழாவது இன்னிங்ஸில் போன் செய்யுங்கள், தினமும் அதே நேரம். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்ற பதில்தான் வரும். "யார் வீசறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அங்கிருந்து பேச்சு அம்மாவிடம் தானாகப் போகும்.

ஆட்டம் மட்டும் போதாது என்று எப்போது தெரிந்துகொள்வது?

பிடித்த ஆட்டத்திலும் பல மாதமாக எந்த உணர்வும் இல்லை, சாப்பாடும் தூக்கமும் போய்விட்டது, அவரில்லாத உலகத்தை நம்பவே முடியவில்லை என்றால் உதவி கேட்கும் நேரம் வந்துவிட்டது. நீடித்த துக்கம் இப்போது சிகிச்சைக்குரிய நிலையாக ஏற்கப்பட்டிருக்கிறது. இழப்புக்குப் பிறகு எவ்வளவு காலம் நீடித்தால் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள்.

நெஞ்சுவலி வந்தால் துக்கம்தான் என்று விட்டுவிடாதீர்கள். கடுமையான அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமாகும் 'டகோட்சுபோ' என்ற நிலை உண்மையிலேயே உண்டு, நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நவம்பரில் ஆட்டம் நின்றுவிடுகிறது. அந்த மாதங்களை எப்படித் தாண்டுவது?

கஷ்டம்தான். வேர்ல்ட் சீரிஸ் முடிந்த மறுநாள் சாயங்காலம் வீடு மறுபடி அவர் இறந்த வாரம் மாதிரி ஆகிவிடும், அதை எதிர்பார்த்திருங்கள். அந்த வாரத்துக்கு யாரையாவது வரச்சொல்லி முன்பே கேட்டு வையுங்கள். டொமினிக்கன் குடியரசு, வெனிசுலா, போர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ ஆகிய இடங்களில் குளிர்கால லீக்குகள் நடக்கும், பிப்ரவரி வாக்கில் கரீபியன் சீரிஸ் வரும். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சி முகாமுக்கு வந்துவிடுவார்கள். நான் அந்தத் தேதியைத்தான் காலண்டரில் வட்டமிடுகிறேன்.

சீசனின் முதல் நாள் நெருங்குகிறது. அவரில்லாத முதல் சீசன். அன்றைக்கு என்ன செய்வது?

என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே உட்காரப்போகிறீர்கள், டிவியா ரேடியோவா, யார் கூட இருப்பார்கள், தாங்கவில்லை என்றால் யாருக்குப் போன் செய்வீர்கள். அவர் உட்கார்ந்த நாற்காலியில் நீங்கள் உட்காரலாம், அல்லது அதைத் தொடாமல் விடலாம். தேசிய கீதம் பாடும்போது அழுகை வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சீசனின் முதல் பந்து ஸ்ட்ரைக்கா, இல்லை அடிக்கிற எல்லைக்கு வெளியே போய் பேட்டர் விட்டுவிடும் 'பால்' ஆகுமா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோற்றவர் அன்று ராத்திரி பாத்திரம் கழுவ வேண்டும். அவர் 28 வருடமும் ஸ்ட்ரைக் என்றே சொன்னார், நான் பால் என்றே சொன்னேன். இப்போது இரண்டு பக்கத்துக்கும் நானே சொல்கிறேன். ஸ்கோர் புத்தகத்தில் தேதியைப் போட்டுவிட்டு, பென்சிலைச் சீவிவிட்டு, முதலில் அவருக்காக ஸ்ட்ரைக், அப்புறம் எனக்காக பால். பிட்சர் காலைத் தூக்குகிறார்.